சைதாப்பேட்டைக்கு வந்த பூச்சி

தாம்பரத்தில் படித்தவர்களுக்கு மின்சார ரயில் இன்னொரு வகுப்பறை. 1931-லிருந்து ஓடுகிற வண்டி அது. பரீட்சைக்குக் கடைசி நிமிஷத்தில் புரட்டியதும் அதில்தான், முடிந்தபின் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்து வயிற்றைக் கலக்கிக்கொண்டதும் அதில்தான். கடற்கரை நோக்கிப் போகும்போது கிண்டியை விட்டதும் அடையாற்றுப் பாலம் வரும், சக்கரத்தின் சத்தம் மாறும், ஆற்றைத் தாண்டினால் சைதாப்பேட்டை. கோர்ட்டு, மார்க்கெட்டு, காரணீஸ்வரர் கோவில் என்றுதான் நம்மில் பலருக்கு அந்த ஊர் தெரியும். ஆனால் சுமார் 235 வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு விசித்திரமான தோட்டம் இருந்தது. பூவுக்கோ காய்க்கோ போட்ட தோட்டம் அல்ல. பூச்சி வளர்ப்பதற்காகவே போட்ட கள்ளித் தோட்டம்!

"பூச்சியைப் பற்றி எழுத இன்ஜினீயருக்கு என்னப்பா வேலை?" என்று மலர்க் குழு நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தவறான பொருளை இறக்குமதி செய்தால் என்ன ஆகும், சரியான பொருளைத் தேர்ந்து கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலில் தினசரிப் பிரச்சினை. அந்தப் பாடத்தை நம் ரயில் பாதையிலேயே ஒரு சின்னப் பூச்சி நடத்திவிட்டுப் போயிருக்கிறது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

சாறு குடிக்கும் குடும்பம்

அசுவினியைத் தெரியாத விவசாயி இல்லை. அவரைக் கொடியின் நுனியிலும் கடலைச் செடியின் குருத்திலும் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்குமே, அதுதான். அதற்குப் பங்காளிகள் உண்டு. வெள்ளை மாவு பூசினாற்போல் இருக்கும் மாவுப்பூச்சி ஒன்று, தண்டோடு தண்டாக ஒட்டிக்கொள்ளும் செதில் பூச்சி இன்னொன்று. எல்லாம் ஒரே குடும்பத்துக் கிளைகள். கடித்துத் தின்னும் வாய் இவற்றுக்குக் கிடையாது. முடியைவிட மெல்லிய ஊசி போன்ற வாயைச் செடிக்குள் செலுத்தி, உணவு ஓடும் குழாயில் துளை போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும்.

அந்தக் குழாயில் சாறு நல்ல அழுத்தத்தோடு ஓடுகிறது. பம்ப் போட்டு இழுக்க வேண்டிய சிரமம் பூச்சிக்கு அதிகம் இல்லை. சாற்றில் சர்க்கரை நிறைய, புரதச் சத்து கொஞ்சம். வேண்டிய புரதம் கிடைக்கும்வரை குடித்துக்கொண்டே இருந்து, மிஞ்சிய சர்க்கரையைப் பின்பக்கமாக வெளியேற்றிவிடும். இலையெல்லாம் பிசுபிசுப்பதும், எறும்பு வரிசை கட்டி வருவதும் இதனால்தான். பல இடங்களில் எறும்புகள் மாடு மேய்ப்பதுபோல இவற்றைக் காவல் காத்து வளர்க்கின்றன.

இலையில் இருந்தால் கண்ணில் படும், மருந்தடிக்கலாம். இந்தக் குடும்பத்தில் சில பூச்சிகள் மண்ணுக்கு அடியில் வேரிலேயே குடியிருக்கும். மேட்டு நிலத்து நெல்லைத் தாக்கும் வேர் அசுவினி அந்த ரகம். மேலே பயிர் மஞ்சளடிக்கும், வாடும், காரணம் தெரியாது. பிடுங்கிப் பார்த்தால்தான் குற்றவாளி அகப்படும்.

வேருக்கு அடியில் ஒரு எதிரி

வேரில் குடியேறிய பூச்சி ஒரு தேசத்தையே ஆட்டிவைத்த கதை பிரான்சில் நடந்தது. 1860-களில் தெற்கு பிரான்சில் திராட்சைக் கொடிகள் காரணமில்லாமல் பட்டுப்போக ஆரம்பித்தன. செத்த கொடியைத் தோண்டிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும், பூச்சி ஒன்றும் இருக்காது. 1868-ல் மோன்பெல்லியே நகரத்துத் தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோன் என்பவரும் அவருடைய குழுவினரும், செத்த கொடியை விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னும் உயிரோடிருந்த கொடியின் வேரைத் தோண்டினார்கள். மஞ்சள் நிறத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கூட்டம் கூட்டமாகப் பூச்சிகள்! கொடி சாகிற சமயத்தில் அவை அடுத்த கொடிக்கு நகர்ந்துவிடும். அதனால்தான் அதுவரை யாரிடமும் சிக்கவில்லை. ஃபில்லாக்சரா என்று பெயர் பெற்ற அது, அசுவினியின் நெருங்கிய சொந்தக்காரப் பூச்சி.

அமெரிக்காவிலிருந்து அழகுக்கும் ஆராய்ச்சிக்கும் வரவழைத்த திராட்சைக் கொடிகளோடு அது கப்பலேறி வந்திருந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அதைத் தாங்கிப் பழகியது. ஐரோப்பியக் கொடி தாங்கவில்லை. 1875-ல் சுமார் 8.4 கோடி ஹெக்டோலிட்டராக இருந்த பிரான்சின் ஒயின் உற்பத்தி 1889-ல் சுமார் 2.3 கோடியாகச் சரிந்தது. அரசாங்கம் 3 லட்சம் பிராங்க் பரிசு அறிவித்தும் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. கடைசியில் அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டிப் பிழைத்தார்கள். அந்த யோசனையை முன்வைத்தவர்களில் ஒருவரான லாலிமான் பரிசைக் கேட்டபோது, "நோயைத் தடுக்கத்தான் வழி சொன்னீர், குணப்படுத்தவில்லை" என்று சொல்லி மறுத்துவிட்டார்களாம்!

இதிலிருந்து இன்னொரு விஷயமும் பிறந்தது. 1878-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, இந்தப் பூச்சி எல்லை தாண்டாமல் தடுக்க ஒப்பந்தம் போட்டன. செடி வழியாகப் பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் காக்கும் இன்றைய சர்வதேச விதிகளுக்கு அதுதான் ஆரம்பம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

பிரான்சில் பூச்சி அழையாமல் வந்தது. அதற்கு எட்டுப் பத்து வருஷம் அல்ல, முக்கால் நூற்றாண்டுக்கும் முன்னால், நம் சைதாப்பேட்டையில் பூச்சியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள்.

சிவப்புக்கு ஒரு ஆசை

அந்தக் காலத்தில் துணிக்கு நல்ல சிவப்பு ஏற்ற வேண்டுமென்றால் மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சிதான். சப்பாத்திக்கள்ளியின் மட்டையில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் செதில் பூச்சி. அதன் உடம்பில் கார்மினிக் அமிலம் என்ற சிவப்புப் பொருள் நிறைந்திருக்கும். எறும்பு போன்ற எதிரிகள் அண்டாமலிருக்க அது செய்துகொண்ட ஏற்பாடு. பெண் பூச்சிகளை மட்டையிலிருந்து துடைத்தெடுத்து, சூட்டில் கொன்று, காயவைத்தால் சாயச் சரக்கு தயார். ஒரு பவுண்டு சரக்குக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு நிறம் கொடுத்தது இதுதான். வியாபாரம் முழுவதும் ஸ்பெயின்காரர்கள் கையில். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வயிற்றெரிச்சல் இருக்காதா?

சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர், செடி கொடிப் பித்தர். பட்டுப்புழு வளர்க்க முசுக்கொட்டைச் செடியை இங்கே பரப்பப் பாடுபட்டவரும் இவரே. 1786-ல் சென்னைக்குப் பக்கத்தில் ஒருவகைப் புல்லில் ஒட்டிக்கொண்டிருந்த பூச்சியைக் கண்டு, "கொச்சினீல் இங்கேயே இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டு, லண்டனில் இருந்த சர் ஜோசப் பாங்க்ஸுக்கு வரிசையாகக் கடிதங்கள் எழுதினார். பரிசோதித்துப் பார்த்ததில் அது சாயத்துக்கு உதவவில்லை.

ஆண்டர்சன் புல்லில் சிவப்பைத் தேடியது பைத்தியக்காரத்தனம் அல்ல. ஆர்மீனியாவில் அராரத் மலையடிவாரத்தில், புல்லின் வேரில் சாறு குடித்து வாழும் ஒரு பூச்சியிலிருந்து பல நூற்றாண்டுகளாகச் சிவப்புச் சாயம் எடுத்திருக்கிறார்கள். போலந்திலும் அதேபோல் ஒரு வேர்ப் பூச்சி உண்டு. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மார்மலாங் பாலத்தை 1726-ல் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தவரும் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர்தான் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. அந்தப் பாலம் இருந்த இடத்தில் இன்று நிற்பது 1966-ல் வந்த மறைமலையடிகள் பாலம். இன்னொன்று: ஆங்கிலத்தில் சிவப்பைக் குறிக்கும் கிரிம்சன், கார்மைன் என்ற இரண்டு சொல்லும் அரபு, பாரசீக வழியாக, புழுவைக் குறிக்கும் கிருமி என்ற வடசொல்லுக்குப் போய்ச் சேருகின்றன. நாம் காய்ச்சலுக்குச் சொல்கிற அதே கிருமி!

கள்ளித் தோட்டம்

உள்ளூர்ப் பூச்சி கைவிட்டதும், அசல் பூச்சியையே வரவழைப்பது என்று முடிவாயிற்று. பூச்சி வருவதற்கு முன் அதற்குச் சாப்பாடு தயாராக வேண்டுமே! பாங்க்ஸின் உதவியோடு லண்டன் க்யூ தோட்டத்திலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் கள்ளி மட்டைகள் வந்தன. மெக்சிகோவில் அந்தக் கள்ளிக்கு நோபல் என்று பெயர். அதை வைத்துச் சைதாப்பேட்டையில் ஆற்றோரமாகப் போட்ட கம்பெனித் தோட்டத்துக்கு நோபல்ரி என்று பெயர் வைத்தார்கள். ஆண்டர்சனின் உறவுக்கார இளைஞர் ஆண்ட்ரூ பெர்ரி அதன் மேற்பார்வையாளர். கப்பல் மாலுமிகளின் ஸ்கர்வி நோய்க்குக் கள்ளி மட்டையைச் சமைத்துக் கொடுக்கலாம் என்றுகூட ஆண்டர்சன் எழுதினார். பந்தி போட்டாயிற்று, இலை போட்டாயிற்று, விருந்தாளியைத்தான் காணோம்.

1795-ல் விருந்தாளி வந்தார். நீல்சன் என்ற ராணுவ கேப்டன், வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பூச்சி ஒட்டிய கள்ளியைச் சேகரித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. எல்லோருக்கும் ஒரே ஆனந்தம். பூச்சி நன்றாகப் பெருகியது. கள்ளி மட்டைகள் வெள்ளைப் பஞ்சு போர்த்தின. நசுக்கினால் சிவப்பு வந்தது. ஆனால் அறுவடை செய்து பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சாயம் மட்டம், அளவும் குறைவு.

விஷயம் இதுதான். கொச்சினீல் என்பது ஒரு பூச்சி அல்ல, ஒரு கூட்டம். மெக்சிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பழக்கிய அசல் இனம் வேறு. அது உருவில் பெரியது, மெல்லிய மாவு மட்டும் பூசியிருக்கும், சாயம் மிகுதி. காட்டுக் கொச்சினீல் சிறியது, தடித்த பஞ்சு மெழுகு போர்த்திக்கொள்ளும், சாயம் கொஞ்சம். நீல்சன் கொண்டுவந்தது காட்டு இனம். பிற்காலத்தில் அதற்கு டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்று பெயரிட்டார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த பூச்சிக்கு இலங்கையின் பெயர்! அசல் இனம் இந்தியாவில் நிலைபெறவே இல்லை. 1800 வாக்கில் சைதாப்பேட்டைத் தோட்டம் கைவிடப்பட்டது. 1809-ல் ஆண்டர்சனும் காலமானார். கதீட்ரல் ரோட்டில் உள்ள செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சாண்ட்ரி என்ற புகழ்பெற்ற சிற்பி செதுக்கிய அவருடைய சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

தோற்ற பூச்சி ஜெயித்த கதை

கம்பெனிக் கணக்குப்படி திட்டம் தோல்வி, கோப்பு முடிந்தது. பூச்சிக்கு அது தெரியுமா? அது தன் வேலையைத் தொடர்ந்து செய்தது. சாயம் கொடுக்காத அந்தப் பூச்சிக்குக் கள்ளியைக் கொல்வதில் மட்டும் அபாரத் திறமை. வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் வேலியாகவும் புதராகவும் மண்டிக் கிடந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளி, பூச்சி போன இடமெல்லாம் உருகிச் சரிந்தது.

இதைக் கவனித்தவர்கள் 1836-க்கும் 1838-க்கும் இடையில் அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து கள்ளிப் புதர்களில் விட்டார்கள். இம்முறை சாயத்துக்காக அல்ல, கள்ளியை ஒழிக்க. வேலை கச்சிதமாக முடிந்தது. 1865 வாக்கில் இலங்கைக்கும் அனுப்பினார்கள், அங்கும் அதே வெற்றி. களையை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியைத் திட்டமிட்டு அனுப்பியதற்கு உலகத்தில் முதல் உதாரணமாக இதைத்தான் இன்றும் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன.

ஆனால் ஒரு சிக்கல். நம் கிராமங்களில் மண்டியிருந்தது ஒரே ஜாதிக் கள்ளி அல்ல. மஞ்சள் முள்ளோடு தென் மாவட்டங்களில் பரந்து கிடந்த இன்னொரு சப்பாத்திக்கள்ளியை இந்தப் பூச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே நின்றாலும் தொடாது. அந்தக் கள்ளிக்கு அதற்கேற்ற வேறொரு கொச்சினீல் வேண்டியிருந்தது. மெக்சிகோ பக்கத்து இனமான அதை ஆஸ்திரேலியாவிலிருந்து 1924-ல் இலங்கைக்கும், இலங்கையிலிருந்து 1926-ல் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். சில வருஷங்களில் அந்தக் கள்ளியும் பெருமளவு ஒழிந்து, முள்காடாகக் கிடந்த நிலங்கள் மறுபடி உழவுக்கு வந்தன. சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்று நாக்கு சிவந்த கதையைத் தாத்தா சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று தேடினாலும் அந்த அளவுக்குப் புதர் இல்லாததற்கு இந்தப் பூச்சியும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இன்னும் பெரியது. 1788-ல் அங்கே குடியேறப் போன முதல் கப்பல் கூட்டமும் இதே ரியோவில் நின்று, இதே சாய ஆசையில் கள்ளியையும் பூச்சியையும் ஏற்றிக்கொண்டுதான் போனது. பிறகு வேறு வேறு வகைக் கள்ளிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. 1920-களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தைக் கள்ளி விழுங்கியிருந்தது. அதற்குச் சில வருஷம் முன்பே குவீன்ஸ்லாந்து அரசு அனுப்பிய நிபுணர்கள் உலகம் சுற்றி, இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்ததைப் பார்த்து, நம் பக்கத்துப் பூச்சியைக் கொண்டுபோய் ஒருவகைக் கள்ளியை அடக்கினார்கள். மீதியை 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு அந்துப்பூச்சியின் புழு தின்று தீர்த்தது. நன்றி மறவாத ஊர்க்காரர்கள் பூனார்கா என்ற இடத்தில் அந்தப் பூச்சியின் பெயரிலேயே ஒரு நினைவு மண்டபம் கட்டிவைத்திருக்கிறார்கள்!

மறுபடியும் மெக்சிகோவிலிருந்து

சைதாப்பேட்டையின் பூச்சிக் கணக்கு அதோடு முடியவில்லை. பிரான்சில் திராட்சை வேரின் பூச்சியைக் கண்டுபிடித்த அதே 1868-ல்தான் சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளி பிறந்தது. அது 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, வளர்ந்து, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

அந்தக் கோயம்புத்தூரில்தான் 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மறுபடியும் மெக்சிகோ பக்கத்துச் சரக்கு, மறுபடியும் சாறு குடிக்கும் குடும்பம். பப்பாளி, மரவள்ளி, முசுக்கொட்டை, பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. எங்கள் விடுதிக்குப் பின்னால் நின்ற பப்பாளி மரம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கொட்டிப்போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மெஸ் அண்ணன் சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய் என்று எல்லாம் அடித்துப் பார்த்து, "போய்த் தொலை" என்று விட்டுவிட்டார். அந்த மெழுகுப் போர்வைக்குள் மருந்து சரியாக இறங்காது. அன்று அது எங்களுக்கு ஒரு மரம். கொங்கு நாட்டில் பப்பாளியையும் மரவள்ளியையும் நம்பிக் கடன் வாங்கியவர்களுக்கு அது வருஷத்து வாழ்க்கை.

தீர்வு எப்படி வந்தது? பெங்களூரில் உள்ள தேசிய ஆய்வு நிலையம், அமெரிக்க விவசாயத் துறையின் உதவியோடு, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. குளவி என்றதும் பயப்படாதீர்கள், கடுகைவிடச் சிறியவை. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், உள்ளிருந்து தின்று வளரும். வேறு எதையாவது தாக்குமா என்று சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதில் அசரோபேகஸ் பப்பாயே என்ற குளவி சில மாதங்களிலேயே ஆட்டத்தை முடித்துவைத்தது. 2020-ல் மரவள்ளிக்கென்றே தென் அமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு மாவுப்பூச்சி வந்தபோதும் அதே வழிதான். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவியை 2022-ல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள்.

1795-ஐயும் 2010-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே கடல் தாண்டி வந்த சின்ன உயிர்கள். முதல் தடவை எந்த இனம் என்று தெரியாமலே ஏற்றினார்கள், எது நடந்ததோ அது நடந்தது. கள்ளி அழிந்தது நம் அதிர்ஷ்டம். அந்தப் பூச்சி கள்ளியை மட்டுமே தின்னும் என்று அன்று யாரும் சோதித்துப் பார்த்து அனுப்பவில்லை. நெல்லையோ கரும்பையோ அது பிடித்திருந்தால்? பிரான்சுக்கு நடந்தது நமக்கும் நடந்திருக்கும். இரண்டாம் தடவை பெயர், ஊர், குணம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு, பெண் பார்ப்பதுபோல் பார்த்துத்தான் அழைத்தார்கள். வெற்றிக்கும் அதிர்ஷ்டத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் இந்த விசாரணைதான்.

ஒரு வேண்டுகோள்

இந்தச் சந்திப்புக்காக வெளிநாடுகளிலிருந்து வரும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "அங்கே ஒரு ரோஜா பார்த்தேன், அம்மாவுக்காக ஒரு குச்சி ஒடித்து வந்தேன்" என்று பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவருகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஆசை தப்பில்லை. ஆனால் அந்தக் குச்சியின் கணுவிலோ, ஒட்டியிருக்கும் ஒரு பிடி மண்ணிலோ, வேரிலோ என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அசுவினி போன்ற பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜோடிகூடத் தேவையில்லை. ஒரே ஒரு பெண் பூச்சி வந்தால் போதும், ஊரை நிரப்பிவிடும்.

செடி, விதை, மண் கொண்டுவருவதற்கு நம் நாட்டில் 1914-லிருந்தே சட்டம் இருக்கிறது, 2003-ல் வந்த விரிவான விதிகளும் இருக்கின்றன. விமானம் இறங்கும் மீனம்பாக்கத்திலேயே அதற்கான மத்திய அரசு நிலையமும் இருக்கிறது. அனுமதி வாங்கி, காட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள். பெர்ன் நகரில் 1878-ல் ஒரு வேர்ப் பூச்சிக்குப் பயந்து போட்ட கையெழுத்தின் பேரப்பிள்ளைகள்தான் இந்த விதிகள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. அடுத்த முறை ரயில் அடையாற்றைத் தாண்டும்போது செல்போனிலிருந்து தலையைத் தூக்கி ஒரு நிமிஷம் வெளியே பாருங்கள். நோபல்ரியின் சுவடு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு தோல்வியை அப்படியே விட்டுவிடாமல், "சாயம் வரவில்லை, சரி, கள்ளி ஏன் செத்தது?" என்று யாரோ கேட்ட கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியது. லேபில் எதிர்பார்த்த விடை வராத நாளில் நோட்டை மூடிவிடாமல், வந்தது என்ன என்று எழுதிவையுங்கள். பிறகு ஒருநாள் யாருக்காவது பயன்படும்.

மெஸ் பப்பாளி மரம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? நான் படிப்பு முடித்துக் கிளம்புவதற்குள் அடியிலிருந்து புதிதாகத் துளிர்த்துவிட்டது.